மூடி இல்லாத பெல்ட்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அந்தப் புல் வெட்டும் டிராக்டரை நான் முதலில் பார்த்தபோது அதற்கு மூன்று சக்கரங்கள்தான் இருந்தன. ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் விருந்தினர் மாளிகைப் புல்வெளியில் ஓடிய வண்டியாக இருக்க வேண்டும். இருக்கை கிழிந்து உள்ளேயிருந்த நார் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டும் கத்திகளை யாரோ முன்பே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் குனிந்து இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். பாதியில் நின்று, எதிர்த்துத் தள்ளியது. உள்ளே இன்னும் உயிர் இருந்தது.

"இன்னா சார், இத்த எடுத்துகினு போயி இன்னா பண்ணப் போற? உன் வூட்ல அவ்ளோ புல்லா கீது?" என்று கேட்டார் கடைக்காரர்.

"தண்ணி இறைக்கப் போறேன்."

அவர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அதைச் சொல்லிச் சிரித்தார். நான் சரக்கு ஏற்றும் மீன்பாடி வண்டி ஒன்றைப் பிடித்து டிராக்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். கல்யாணமாகி இரண்டு வருடம். கிழக்குத் தாம்பரத்தில் சேலையூர் போகும் வழியில், மனை பிரித்துப் போட்டிருந்த ஒரு புதுத் தெருவில் வாடகை வீடு. வீட்டுக்குப் பக்கவாட்டில் கொல்லை, அதில் கிணறு இருந்தது. தண்ணீருக்குக் குறைவில்லை, கரண்டுக்குத்தான் பஞ்சம். கரண்டு இருக்கும்போதும் வோல்டேஜ் இருக்காது. மோட்டார் முனகுமே தவிரச் சுற்றாது. தெரு முழுக்க இதே கதைதான்.

என் மனைவி மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பத்துப் பதினைந்து மிஷின்கள் ஒன்றாகத் தட்டப்படும் சத்தத்தில், எந்த மூலையில் இருப்பவர் தாளம் தப்புகிறார் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். இன்ஜின் வந்த பிறகுதான் அந்தக் காது வேறு எதற்கெல்லாம் உதவும் என்று எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் கொல்லையில் உட்கார்ந்து வேலை செய்தோம். கார்புரேட்டரைப் பிரித்து ஒரு பழைய கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தோம். அதன் துளை முடி நுழையும் அளவுதான். என் தடித்த விரல்களுக்குப் பிடிபடவில்லை. அவள் ஒற்றைச் செம்புக் கம்பியை அதில் நுழைத்து, ஊதி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தபோது இன்ஜின் ஓடியது. நான் துள்ளிக் குதித்தேன். அவள் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏழெட்டுக்கு ஒண்ணு விட்டுப் போகுதுங்க."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கானில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல்.

டிராக்டரின் சேஸிஸை வெட்டிப் பாதியாக்கி, ஒரு பக்கம் இன்ஜின், ஒரு பக்கம் பம்பு, நடுவில் பெல்ட் என்று அமைத்தேன். நான்காவது சக்கரத்துக்கு ஒரு ஸ்கூட்டர் சக்கரம். தள்ளிக்கொண்டு எந்த வீட்டுக் கிணற்றுக்கும் போகலாம். முன்பக்கத் தகரத்தை வெட்டி பெல்ட்டுக்கு ஒரு மூடியும் செய்தேன். நிறுத்தும் சுவிட்ச் மட்டும் சரியாக வரவில்லை. நிறுத்த வேண்டுமென்றால் பெட்ரோல் குழாயைத் திருகி மூட வேண்டும். அந்தக் குழாய் பெல்ட்டைத் தாண்டி அந்தப் பக்கத்தில் இருந்தது. மூடி இருக்கும்வரை அதில் ஆபத்தில்லை. சுவிட்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அந்தக் கோடையில் தெருவில் என் மதிப்பு ஏறிவிட்டது. "இன்ஜின்காரர் வூடு எது?" என்று கேட்டால் வழி சொன்னார்கள். மரியாதையாக 'சார்' போட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். தொழிற்சாலையில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

கொஞ்ச நாளில் பெல்ட் வழுக்க ஆரம்பித்தது. அடிக்கடி இறுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் மூடியின் நான்கு நட்டுகளைக் கழற்றி மாட்ட எனக்குச் சலிப்பாக இருந்தது. ஒருநாள் மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தேன். அது அங்கேயே இருந்தது.

"அதை மாட்டிடுங்களேன். பார்க்கவே பயமா இருக்கு" என்றாள் மனைவி.

"நாளைக்கு மாட்டறேன்."

மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் நான் அதையே சொன்னேன்.

எதிர் வீட்டில் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். அன்று காலையிலிருந்து கரண்டு இல்லை. அந்த வீட்டு அம்மா ஓடி வந்து, "அண்ணா, டேங்க்ல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. அவங்க வர்ற நேரம்" என்றார். எங்கள் கிணற்றிலிருந்து தெருவுக்குக் குறுக்கே ஓஸ் குழாயைப் போட்டு அவர்கள் மாடி டேங்கில் விட்டேன். மனைவி இன்ஜின் பக்கத்தில் நின்றாள். நான் எதிர் வீட்டு மாடியில், பட்டு வேட்டி கட்டிய நாலு பேருக்கு நடுவில் நின்று, புல் வெட்டும் டிராக்டர் எப்படிப் பம்பு செட் ஆனது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பேச்சு சுவாரசியத்தில் டேங்க் நிரம்பியதைக் கவனிக்கவில்லை. தண்ணீர் வழிந்து கீழே கோலத்தின் மேல் கொட்டியது. யாரோ கத்தினார்கள். நான் மாடியிலிருந்து எங்கள் கொல்லையைப் பார்த்து அதைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

"நிறுத்து! சீக்கிரம் நிறுத்து!"

அவள் குனிந்து கையை நீட்டியதைப் பார்த்தேன். பிறகு இன்ஜினின் சத்தம் ஒரு நொடி மாறியது. அது எனக்கும் கேட்டது.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போய்விட்டன. எதிர் வீட்டுக்காரர் டாக்சி பிடித்துக் கொடுத்தார். வழி முழுக்க அவள் அழவில்லை. "இன்ஜின் நின்னுடுச்சா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாள்.

சாயங்காலம் அவளுடைய அண்ணன் பல்லாவரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். அப்பா இல்லாத வீட்டில் அவளை வளர்த்துப் படிக்கவைத்தவர். என்னிடம் எப்போதும் கேலியும் கிண்டலுமாகப் பழகுவார். அன்று முகம் வெளுத்திருந்தது. கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டு, "எப்படி ஆச்சு மாப்ள?" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதே தெரியும். வாயில் வந்தது வேறு.

"ஓடிக்கிட்டிருக்கும்போதே கையை விட்டுட்டா மச்சான். கிட்டப் போகாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. எதையோ புதிதாகத் தெரிந்துகொண்டவள் மாதிரி பார்த்தாள்.

"ஏண்டி, உனக்கு எதுக்கு இந்த வேலை? சின்ன வயசிலேர்ந்தே உனக்கு அவசரம்தான்" என்று அண்ணன் அழுதார்.

"ஆமாண்ணா. நான்தான் கவனிக்கல" என்றாள்.

மறுநாளே மூடியை மாட்டினேன். கீல் வைத்து, ஒரு விரலால் திறந்து மூடும்படி செய்தேன். சுவிட்சும் வைத்தேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து அரை நாள்கூட ஆகவில்லை. பிறகு சாக்கைப் போட்டு மூடிவிட்டேன். கயிற்றைத் தொட எனக்குக் கை வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, பக்கத்து வீட்டுக் குழந்தைகள் குடத்தோடு அலைவதைப் பார்த்துவிட்டு அவளே சாக்கை விலக்கினாள். இடது கையால் கயிற்றைச் சுற்றி இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் ஓடியது. நான் கதவுக்குள்ளேயே நின்றேன்.

இன்ஸ்டிடியூட்டில் அவளை வைத்துக்கொண்டார்கள். சொல்லிக்கொடுக்க முடிந்தது. ஆனால் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து, கீபோர்டைப் பார்க்காமல் ஒரு பக்கத்தைச் சரசரவென்று அடித்துக் காட்டுவாளே, அதை நிறுத்திவிட்டாள்.

வருடங்கள் போயின. தெருவில் போர்வெல் போட்டார்கள், டிரான்ஸ்ஃபார்மர் வந்தது, இன்ஜினுக்கு வேலை இல்லாமல் போனது. அதைப் பழைய இரும்புக்குப் போட்டேன். அண்ணன் மட்டும் எந்த விசேஷத்திலும் அந்தக் கதையை விடமாட்டார். "என் தங்கச்சி இருக்காளே, ஓடற மிஷின்ல கையை விட்டவ" என்று ஆரம்பிப்பார். பாசத்தில்தான். அவள் சிரித்துக்கொள்வாள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன்.

தொண்ணூறுகளில் அண்ணன் ரிட்டயர் ஆனார். ஒருநாள் அவரும் நானும் திருநீர்மலைக்குப் போனோம். மலையேறி, பெருமாளைச் சேவித்துவிட்டு இறங்கும்போது, மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்தார். அங்கே வைத்துச் சொன்னேன். மூடி கழற்றியிருந்ததை, அவள் மூன்று தடவை சொன்னதை, நான் மாடியிலிருந்து கத்தியதை, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யை, எதையும் விடாமல்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவளை நான் அன்னிக்குத் திட்டினேனே" என்றார். எழுந்து எனக்கு முன்னால் இறங்கிப் போனார். பஸ்ஸிலும் வேறு சீட்டில் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன். பாராட்டுவாள் என்று நினைக்கவில்லை. ஆனால் கொஞ்சம் மனம் இளகுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?" என்றாள். அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

"உண்மையைச் சொல்லணும்னு..."

"சொல்றதா இருந்தா அன்னிக்கு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கணும். இத்தனை வருஷம் அண்ணன் உங்களைத் தம்பி மாதிரி நினைச்சிட்டிருந்தாரு. நான் வாய மூடிக்கிட்டிருந்தது அதுக்குத்தான். இப்ப உங்க மனசு லேசாயிடுச்சு. அவருக்கு?"

நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

அண்ணன் சண்டை போடவில்லை. பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் வழக்கம்போலக் கொண்டுவந்தார். தங்கையின் தலையில் கை வைத்தார். ஆனால் என்னை 'மாப்ள' என்று கூப்பிடுவது நின்றுபோனது. "உடம்பு நல்லா இருக்கா?" என்று கேட்பார், நல்லா இருக்கேன் என்பேன், அதோடு பேச்சு முடிந்துவிடும். சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் போகவேண்டும் என்று கிளம்பிவிடுவார். அவரை பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிட அவள்தான் போவாள். நான் கேட் வரைக்கும் போய் நிற்பேன்.