குள்ளர் வீட்டுக்கு ஒரு சாதிச் சான்று

விதி தெளிவாகவே இருந்தது. சாதிச் சான்று கேட்டு மனு வந்தால் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஊருக்குப் போய் விசாரிக்க வேண்டும். அவர் அறிக்கையைப் பார்த்துத் தாசில்தார் கையெழுத்திட வேண்டும். மனுதாரர் எந்தச் சாதி என்பதுதான் கேள்வி. மேற்கொண்டு என்ன படிக்கப் போகிறார் என்பது கேள்வியே அல்ல. பிற்பாடு அதே துறையில் நாற்காலி தேய்த்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், நம்பலாம்.

எழுபதுகளின் கடைசி. திருப்பத்தூரில் பி.ஏ. வரலாறு முடித்திருந்தேன். பாடநூலில் ஒரு படம்: நான்கு பலகைக் கற்கள், மேலே மூடுகல், முன்கல்லில் வட்டத் துளை. பழங்கால ஈமச்சின்னம் என்று கீழே போட்டிருந்தது. எங்கள் மலையூரில் சாமைக் கொல்லைக்கு மேலே உள்ள மேட்டில் அதே போன்றவை வரிசையாக நிற்கின்றன. மலையில் அவற்றுக்குக் குள்ளர் வீடு என்று பெயர். சாமை அறுத்ததும் முதல் கைப்பிடியை அந்தப் பக்கம் இறைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவோம். மாடு உள்ளே போய்விட்டால் வெளியே நின்று கூப்பிடுவோமே தவிர, கால் வைக்க மாட்டோம். அப்படிப்பட்டது புத்தகத்தில் வந்திருந்ததைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. எம்.ஏ.வில் பண்டைய நாகரிகங்கள்தான் என்று முடிவு செய்து சென்னைக்கு விண்ணப்பித்தேன். பழங்குடியினருக்கு ஓர் இடம் இருந்தது. சான்று ஜூலை முடிவதற்குள் சேர வேண்டும்.

இன்ஸ்பெக்டருக்கு முழங்கால் வலி, மலையேறவில்லை. ஊர் நாட்டாமையிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார். நாட்டாமை என் தாய்மாமன். இதைவிடச் சுலபம் உண்டா?

அப்பாவும் நானும் போனபோது மாமா ஏருக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா மாப்ள, இன்னா படிக்கப் போற?”

சொன்னேன்.

“அதுல இன்னா வேல?”

“பழைய எடத்தத் தோண்டிப் பாப்பாங்க மாமா.”

“எந்த எடத்த?”

என் கண் மேட்டுப் பக்கம் போயிற்று. அது போதுமாயிருந்தது. அவர் அப்பாவிடம் திரும்பினார். “குள்ளர் வூட்டத் தோண்டறதுக்கா மச்சான் கையெய்த்து கேக்கற?”

“புஸ்தகப் படிப்புதாங்க மச்சான். எய்திக் குடுங்க.”

“நம்ம ஆளு அதத் தொடமாட்டான். தொடறவன் நம்ம ஆளு இல்ல. பொய் சாச்சி எய்தினா கொல்ல வெளையுமா?”

“நான் உங்க அக்கா புள்ள மாமா!”

“அது தெரியாதா? பொண்ணு கேளு, குடுக்கறேன். கணக்கு படிக்கறேன்னு சொல்லு, இப்பவே கையெய்த்தும் போடறேன்.”

வழியில் அப்பா, “கணக்குன்னே சொல்லிட்டு வாடா. அவரு மெட்ராசுக்கு வந்தா பாக்கப் போறாரு?” என்றார். நியாயந்தான். ஆனால் திரும்பிப் போக அந்த மேட்டைக் கடக்க வேண்டும். பொய்யோடு கடக்கக் கால் வரவில்லை. தோண்டப் போகிறவனுக்கு இருந்த துணிச்சல் அவ்வளவுதான்.

நாட்டாமை மறுத்துவிட்டார் என்று இன்ஸ்பெக்டர் எழுதினார். என் மனு நிராகரிக்கப்பட்டது. விதியை எடுத்துக்காட்டிக் கலெக்டருக்கு முறையிட்டேன். ஜூலை போயிற்று. எனக்குரிய இடம் வேறு யாருக்கோ போயிற்று. ஐப்பசியில் சாமை முற்றியது. அறுப்பன்று மாமா முதல் கைப்பிடியை, யாரும் கேட்காமலே, என் கையில் வைத்தார். வேற்றாள் கையில் அதைக் கொடுப்பதில்லை. இறைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

கலெக்டர் உத்தரவுப்படி இன்ஸ்பெக்டர் முழங்காலோடு மலையேறி விசாரித்தார். நான் பழங்குடியினனே என்று சான்றும் இணைத்துப் பதில் வந்த தேதி, நவம்பர் பதினேழு.