சம்மட்டிக்குக் கீழே இரண்டு கை

அந்தக் குகையை இன்று ரயில் ஒரு கொட்டாவி நேரத்தில் தாண்டிவிடுகிறது. சன்னலோரத்தில் இருப்பவர்கள் "ஐயோ, இருட்டு!" என்று குழந்தைகளுக்குப் பூச்சி காட்டுவதற்குள் வெளிச்சம் வந்துவிடும். பயமாவது ஒன்றாவது! பயம் என்றால் என்னவென்று கம்பிக்காரரைக் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு கடலோரத்திலிருந்து மறு கடலோரம் வரைக்கும் தண்டவாளம் போடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது அவர் வண்டிக்காரராக இருந்தார். மலைப்பாதையில் மூட்டை ஏற்றி இறக்கி வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தவர். ரயில் வந்தால் தன் வண்டி அடுப்புக்குத்தான் விறகாகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. மாட்டை விற்றுவிட்டு அந்த ரயில் வேலைக்கே போய்ச் சேர்ந்தார். வேறு என்ன செய்வார், பாவம்?

கிடைத்தது கம்பி பிடிக்கிற வேலை. மலைக்குள் அந்தக் குகையைக் குடைகிற ஆட்களுக்குக் காற்று வேண்டுமென்று உச்சியிலிருந்து கிணறு மாதிரி ஒரு குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேருக்கு மேல் இடமில்லை. ஒருவர் குந்தி உட்கார்ந்து, இரும்புக் கம்பியைப் பாறைமேல் நிறுத்தி இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். இன்னொருவர் அதன் தலையில் சம்மட்டியால் அடிப்பார். அடிக்கு அடி கம்பியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். துளை ஆழமானதும் மருந்தைத் திணித்து வெடி வைப்பார்கள். அடிக்கிறவன் கொஞ்சம் பிசகினால் பிடிக்கிறவர் மணிக்கட்டு கூழாகிவிடும். போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். அவருக்குப் பழகவே இல்லை.

அடிக்கிறவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. தோளும் அகலம், வாயும் நீளம். "கம்பிக்காரரே, எப்ப கம்பி நீட்டப் போறீங்க?" என்று ஆட்கள் கேலி செய்தால், "எங்க மாமாவா? நான் அடிக்கிற அடியில அவரு பாதி பாறைக்குள்ள இறங்கிட்டாரு. இனிமே எங்க ஓடுறது?" என்பான்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட மேலே ஏறி வந்தார்கள். கம்பிக்காரர் வாய் நிறையச் சாப்பாடு. பேசாமல் ஒரு ரொட்டியை எடுத்து மச்சினன் முகத்துக்கு நேரே நீட்டினார். அவன் வாங்கவில்லை. விளையாடுகிறான் என்று இன்னும் கிட்டே நீட்டினார். அவன் எதிரே பார்த்துக்கொண்டே, "என்ன மாமா, இன்னிக்கு எனக்குப் பட்டினியா?" என்றான். "இந்தாடா" என்றதும் அவன் கை நீண்டது. ரொட்டியைத் தாண்டி அவர் தோளில் போய்ப் பட்டது.

அவர் அவன் கண்ணெதிரே விரலை ஆட்டிப் பார்த்தார்; இமை அசையவில்லை. கல் தெறித்து அவன் கண்கள் சிவந்து வீங்கியதும், "தூசி மாமா, சரியாயிடும்" என்று அவன் மழுப்பியதும் நினைவுக்கு வந்தன. சாப்பிட்டு முடித்ததும் அதே குழியில் இறங்கி, அதே சம்மட்டிக்குக் கீழே உட்கார வேண்டும். மேஸ்திரியிடம் வாயைத் திறந்தால் அந்த நிமிஷமே அவனைத் துரத்திவிடுவார்கள். அவன் வீட்டிலோ பச்சை உடம்புக்காரியும் கைக்குழந்தையும். மனிதர் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் வரை ஒவ்வோர் அடிக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார்.

"ஐயையோ, என் தம்பி பொழப்புல மண்ணப் போட்டுடாதீங்க!" என்றாள் அவள். சொன்ன வாயை உடனே பொத்திக்கொண்டாள். "அப்ப உங்க கை?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

அவள் விறகை அடுப்புக்குள் தள்ளினாள். "பிடிக்கிறதுக்குக் கண்ணு எதுக்கு? அவன் பிடிக்கட்டும். நீங்க அடிங்க."

மறுநாள் மேஸ்திரியிடம், "முட்டி பிடிச்சுக்கிச்சு, குந்த முடியல. இன்னிக்கு நான் அடிக்கறேன்" என்றார்.

"யாரு அடிச்சா எனக்கென்ன? சாயங்காலம் வெடி வைக்கத் துளை இருக்கணும், அவ்வளவுதான்."

குழிக்குள் மச்சினன் மறுபேச்சில்லாமல் குந்தினான். கம்பியைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "எப்பத் தெரிஞ்சுது மாமா?" என்றான்.

"நேத்துத்தான். அடப்பாவி, இத்தனை நாளும் எதைப் பார்த்துடா அடிச்ச?"

"எங்க பார்த்தேன்? நான் ஓங்கும்போதெல்லாம் நீங்க பயந்துபோய் ஒரு மூச்சு இழுப்பீங்க. இந்தக் குழிக்குள்ள அது நல்லாக் கேக்கும். அதுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் கம்பி. அந்தக் கணக்குல அடிச்சேன்."

கம்பிக்காரர் சுவரில் சாய்ந்துவிட்டார். பயந்தாங்கொள்ளி என்று தன்னைத் தானே எத்தனை முறை திட்டியிருப்பார்! ஒரே ஒரு நாள் தைரியமாக இருந்திருந்தால்?

அவர் சம்மட்டியைத் தூக்கினார். கண் தெரிகிறதே, அதுதான் கஷ்டம். கம்பியைச் சுற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முதல் அடி கம்பியின் ஓரத்தில் பட்டு வழுக்கி, மச்சினனின் கட்டைவிரல் தோலை உரித்துக்கொண்டு போனது. அவன் விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு, "ஒன்னுமில்ல மாமா, அடிங்க" என்றான். அடித்தார். சாயங்காலம் துளை பாதிகூட இறங்கவில்லை. மேஸ்திரி வாய்க்கு வந்தபடி திட்டினான். அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை.

மச்சினன் தோளைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார். வாசலில் காத்திருந்த மனைவி அவரைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்து விளக்கடிக்கு இழுத்து, விரல் விரலாகப் புரட்டிப் பார்த்தாள். கட்டைவிரலுக்கு வந்ததும் நின்றாள்.

"நாளைக்கும் நீங்கதான் அடிக்கணுமா?" என்றாள்.

"நாளைக்கும்தான். நீ சொன்ன யோசனைதானே?"

சம்மட்டியைத் தோளிலிருந்து இறக்கிவைக்க அவர் இரண்டடி உள்ளே வந்தார். அவள் தம்பியை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.