சுமைதாங்கி வைத்த கடை

திண்டிவனம் சந்தைத் திடலைச் சுற்றி என்னென்ன பழசு இருக்கிறது என்று யார் கேட்டாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் வெள்ளைக்காரன் கட்டிய செங்கல் கட்டடம், அதற்கும் முந்திய நாலுகால் மண்டபம் எல்லாவற்றையும் தடவித் தடவியே படித்தவன். இரண்டுக்கும் நடுவே, என் கடைக்கு நேரெதிரில் சுமைதாங்கிக் கல் நின்றது. நட்ட கல் இரண்டு, மேலே படுத்த கல் ஒன்று. வயிற்றுப் பிள்ளையோடு இறந்த ஒரு பெண்ணுக்காக வைத்தது. அவளால் இறக்கிவைக்க முடியாமல் போன பாரத்துக்காக, ஊராராவது தங்கள் சுமையை இறக்கிக்கொள்ளட்டும் என்று. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை சுமந்த நாளில் நானும் அதன்மேல்தான் இறக்கினேன். இன்றைக்கு எனக்கு மாடி வைத்த கடை. வாசலில் கறுப்பு கிரானைட் படி. விழுப்புரத்திலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

போன வருஷம் சாலையை அகலப்படுத்தப் பொக்லைன் வந்தது. கட்டடமும் மண்டபமும் தப்பின. கல்லை மட்டும் உடைக்கச் சொல்லியிருந்தார்கள். ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார்.

"நான் ஒடைக்க மாட்டேங்க. என் சம்சாரம் ஏழு மாசம்."

மேஸ்திரிக்கு எரிச்சல். "ஜல்தி பண்ணுப்பா. லாரில போட்டுக்கினு போய்க்கினே இருக்கலாம்."

நான் எழுந்து போனேன். "இந்தக் கல்லு மேல கைய வைக்க வுட மாட்டேன். நான் இருக்கற வரைக்கும் இது இந்தத் திடல்லதான் நிக்கும்."

கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தைக் கண்டால் எனக்குக் குரல் ஏறும்.

"சரிங்க பெரியவரே, ரோட்டுல நிக்கக் கூடாது. வேற எடத்தக் காட்டுங்க, நட்டுடறேன். இல்லன்னா ஒடைப்பேன்" என்றார் மேஸ்திரி.

சுற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் மின்கம்பம். கல்லின் நிழலில் கீரை விற்கும் அம்மா சிரித்தாள்.

"எடத்துக்கு என்னா பேஜாரு நைனா? உங்க கறுப்புப் படியப் பேத்தா அம்சமா நிக்கும்."

"ஏம்மா, அது எப்பேர்ப்பட்ட படின்னு தெரியுமா?"

"தெரியாம என்னா? தெனம் சொல்லிக்கினுதான இருக்கீங்க."

திடலே சிரித்தது. கல்லையும் பார்த்தேன், படியையும் பார்த்தேன். என் தலைப் பாரத்தை இறக்கியது எது என்று நெஞ்சுக்குத் தெரிந்துவிட்டது.

"பேத்துடுப்பா" என்றேன்.

ஓட்டுநர் தாவி ஏறினார். கிரானைட் சத்தத்தோடு பிளந்தது. அப்புறம் எங்கிருந்து வந்ததோ அந்த உற்சாகம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லில் கட்டிய கயிற்றைப் பிடித்துவிட்டேன். மூட்டை தூக்கும் ஆட்கள் ஓடிவந்தார்கள். ஓட்டுநரும் இறங்கிவந்து தோள் கொடுத்தார். "நடறதுன்னா நானும் வர்றேங்க." மேல்கல் உட்கார்ந்ததும் கீரைக்கார அம்மா முதல் ஆளாகக் கூடையை அதில் இறக்கினாள்.

இப்போது கடைக்குள் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். நுழையட்டும். சுமைதாங்கி வைத்த கடை இந்தத் திடலில் என்னுடையது ஒன்றுதான். உடைந்த கிரானைட் துண்டில் அந்த அம்மா உட்கார்ந்து கீரை விற்கிறாள். வருகிறவர்களிடம் எனக்கு முன்னால் அவளே சொல்லிவிடுகிறாள், விழுப்புரத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன படி இது என்று.