லைல் ஹாக்கடேயின் துப்பாக்கிக்கு என்ன கோளாறு

எங்கள் டன்லீ ஊரில் ஒருவர் எந்தத் திருச்சபைக்குப் போகிறார் என்பதைக் கிண்டல் செய்யலாம். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று வம்பிழுக்கலாம். அவர் வாங்கிய துப்பாக்கி பாதியில் மாட்டிக்கொள்ளும் என்று மட்டும் சொல்லக் கூடாது. இடுப்பில் மறைத்து வைக்கிற சின்னப் பிஸ்டலைப் பற்றி எங்கள் ஆட்கள் பேசும்போது, தேடிப் பிடித்த மாப்பிள்ளையைப் பற்றி மாமனார் பேசுவது போலவே இருக்கும். தேர்ந்தெடுத்தது நான், ஆகவே குறை இருக்க வாய்ப்பில்லை. "ஆயிரம் ரவுண்டு சுட்டாச்சு, ஒரு தும்மல் கிடையாது" என்பார்கள். எங்கள் ஓக்லஹோமாவில் ஆயிரம் என்பது எண்ணிக்கை அல்ல, பாசம்.

இந்த ஊரில் லைல் ஹாக்கடே ஒருவர்தான் தம் துப்பாக்கியைத் தாமே கடைத்தெரு முழுக்கத் திட்டிக்கொண்டு திரிந்தார்.

லைல், பண்ணை வீடுகளின் தொட்டிகளுக்கு லாரியில் எரிவாயு கொண்டுபோய் நிரப்புகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தேவாலயத்தின் வாசல் காவல். வருகிறவர்களுக்குக் கை குலுக்குவதும், வரக் கூடாதவன் வந்தால் தடுப்பதும் அவர் பொறுப்பு. இத்தனை வருடத்தில் வரக் கூடாதது என்று வந்தது, பாட்டுக்கு நடுவே உள்ளே நுழைந்த ஒரு காட்டு வான்கோழிதான். ஆனாலும் லைல் அந்த வாசலை எல்லைச் சாவடி போலக் காத்தார்.

கோட்டுக்குள் அவர் வைத்திருந்தது உள்ளங்கைக்குச் சற்றே பெரிய பிஸ்டல். மேகசினுக்குள் தோட்டாக்கள் இரண்டு வரிசையாக, திருவிழா பஸ்ஸில் நிற்பதுபோல நெருக்கியடித்து நிற்கும். ஒரு முறை சுட்டால் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் ஓடி, சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை வெளியே எறிந்துவிட்டு, அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு முன்னால் வர வேண்டும். சுட்டுப் பழகும் சுடுகளத்தில், லைலின் கையில் அது பாதி வழியில் நின்றுவிட்டது. காலிக் கூடு வெளியேயும் போகாமல் உள்ளேயும் இல்லாமல், புகைக்குழாய் போல நட்டுக்கொண்டு நின்றது.

அந்தச் சுடுகளத்தை நடத்தும் டெல்பர்ட், லைலின் பள்ளித் தோழர். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "துப்பாக்கி நல்லாத்தான்டா இருக்கு. உன் மணிக்கட்டுதான் கொழகொழன்னு கிடக்கு. கெட்டியாப் புடி. கோழிக்குஞ்சையா வச்சிருக்க?"

இது டெல்பர்ட்டின் சொந்தச் சரக்கு இல்லை. யாருடைய பிஸ்டல் மாட்டினாலும் பக்கத்தில் நிற்பவர் சொல்லும் வாடிக்கையான கேலி. சின்னத் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காவிட்டால் அது தடுமாறும் என்பது உண்மைதான். ஆனால் கேலியாக வரும் உண்மையை யார் மதிக்கிறார்கள்?

"நாள் பூரா ஹோஸ் இழுக்கிற கை இது. கல்லாவுல உக்காந்து டோனட் திங்கிறவன் எனக்கு மணிக்கட்டப் பத்திச் சொல்ல வேணாம்" என்றார் லைல்.

பிறகு அவர் தோட்டாவை மாற்றினார். மேகசினை மாற்றினார். ஸ்பிரிங்கை மாற்றினார். அந்தப் பிஸ்டல்காரர்கள் கூடிப் பேசும் இணையக் குழுவில் போய் முறையிட்டார். எண்ணெய் அதிகம் என்றார் ஒருவர். எண்ணெய் போதாது என்றார் இன்னொருவர். லைல் இரண்டு பேர் சொன்னதையும் செய்தார். கம்பெனிக்கு அனுப்பினார், குறை ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தது. கோபத்தில் வேறொரு கம்பெனியின் பிஸ்டல் வாங்கினார். அதுவும் அவர் கையில் மாட்டியது. வெவ்வேறு மாநிலத்தில் இருக்கும் இரண்டு தொழிற்சாலைகள் தமக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்துவிட்டன என்று நம்புவது, எங்கள் ஊர் ஆண்பிள்ளைக்கு டாக்டரிடம் போவதைவிடச் சுலபம்.

சிரிக்கிறேனே தவிர, லைலுக்கு இரவில் தூக்கம் இல்லை. அவருடைய அப்பாவின் உயிரைக் குடித்த நோயும் கையில்தான் தொடங்கியது. முதலில் சட்டைப் பொத்தான் விரலுக்கு அகப்படவில்லை. பிறகு முள்கரண்டி நழுவியது. பிறகு கால், பிறகு பேச்சு, கடைசியில் மூச்சு. அப்பாவின் அந்த வயதைத்தான் லைல் இப்போது தொட்டிருந்தார். ஊறுகாய் ஜாடி மூடி திறக்காதபோது ஜாடியைத் திட்டினார். காப்பிக் கோப்பை விழுந்தபோது கைப்பிடியின் வழவழப்பைத் திட்டினார். துப்பாக்கி மாட்டியதும் அவருக்கு ஒருவகையில் நிம்மதி. திட்டுவதற்கு ஒரு கம்பெனி கிடைத்ததே.

மனைவி மார்வா பள்ளிச் சமையலறையில் வேலை பார்ப்பவர். வீட்டில் மூன்றாவது பிஸ்டல் பற்றிப் பேச்சு எழுந்ததும், ஒரு சனிக்கிழமை தாமும் சுடுகளத்துக்குக் கிளம்பினார்.

"நீ எதுக்கு?" என்றார் லைல்.

"நம்ம வீட்ல எனக்கு மட்டும்தான் துப்பாக்கி மேல கோவமே இல்ல. நான் பாத்தாத்தான் நியாயமா இருக்கும்."

மார்வா முதல் பிஸ்டலை வாங்கி, மேகசின் காலியாகும்வரை சுட்டார். மாட்டவில்லை. இரண்டாவதையும் சுட்டார். தையல் மெஷின் மாதிரி ஓடியது. குறி மட்டும் மகா மோசம். பக்கத்து ஆளின் குறி அட்டையில் இரண்டு ஓட்டை.

"மார்வா, அது உன் அட்டை இல்லம்மா" என்று டெல்பர்ட் சிரித்தார்.

மார்வா சிரிக்கவில்லை. "இப்ப நீ சுடு" என்று லைலிடம் நீட்டினார். எல்லாரும் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் மட்டும் கணவரின் கையைப் பார்த்தார். இரண்டாவது குண்டிலேயே காலிக் கூடு நட்டுக்கொண்டு நின்றது.

"மணிக்கட்டு..." என்று வழக்கம்போல ஆரம்பித்த டெல்பர்ட், அத்தோடு வாயை மூடிக்கொண்டார். பள்ளி நாளிலிருந்து இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் ஒரு கேலியை முடிக்காமல் விட்டதை லைல் அன்றுதான் பார்த்தார். கம்பெனி சொன்னதைவிட அந்த மௌனம் அவரை அதிகம் பயமுறுத்தியது.

திரும்பும் வழியில் வண்டியை மார்வாதான் ஓட்டினார். ஓட்டிக்கொண்டே கேட்டார்:

"ஞாயித்துக்கிழமையானா காலர் பொத்தானப் போட்டுவிடச் சொல்றியே, அது எத்தன மாசமா?"

"வசந்தத்துல இருந்து."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இந்த வயசுல இவனுக்கு எம்மேல திரும்ப ஆசை வந்திருக்குன்னு நெனச்சேன்."

"அதுவும் உண்டு" என்றார் லைல்.

"பேசாம வா. திங்கக்கிழமை டாக்டருக்குப் போன் பண்றேன்."

டாக்டர் தம் இரண்டு விரல்களை லைலின் உள்ளங்கையில் வைத்தார். "அழுத்துங்க."

"அழுத்திட்டுத்தான் இருக்கேன், டாக்டர்."

டாக்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு லைலின் தலையைப் பிடித்து வலப்பக்கமாகச் சாய்த்தார். தோளிலிருந்து கட்டைவிரல்வரை மின்சாரம் பாய்ந்தது போல லைல் துள்ளினார்.

"இது கழுத்தெலும்பு நரம்ப நசுக்கறதா இருக்கலாம். அப்படின்னா சரி பண்ணப் பாக்கலாம்" என்றார் டாக்டர்.

"அப்படி இல்லன்னா? இவங்கப்பாவுக்கு வந்ததா?" என்றார் மார்வா.

"ஸ்கேன் பாத்துட்டுப் பேசுவோம்."

அன்று மாலை லைல் அந்த இணையக் குழுவில் ஒரே வரி எழுதச் சொன்னார். மார்வா போனில் தட்டி அனுப்பினார்: 'துப்பாக்கியில் கோளாறு இல்லை.' அப்போதே சொன்னோமே என்று ஆளாளுக்கு வந்து மகிழ்ந்தார்கள். அப்படியானால் கோளாறு எதில் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் லைலுக்குப் பதிலாக டெல்பர்ட் நின்றார். பாட்டு முடிந்ததும், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று போதகர் வழக்கம்போலக் கேட்டார். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குப் பேரன். மூன்றாவதாக லைல் எழுந்தார்.

"செவ்வாக்கிழமை எனக்கு ஸ்கேன், பாஸ்டர். என் கழுத்து கெட்டுப்போயிருக்கணும்னு எல்லாரும் வேண்டிக்குங்க."

போதகர் புரியாமல் மார்வாவைப் பார்த்தார். மார்வா தலையசைத்தார். போதகர் கண்களை மூடி, இத்தனை வருட ஊழியத்தில் செய்திராத ஜெபத்தைச் செய்தார்: ஆண்டவரே, இந்தக் கழுத்து நன்றாகக் கெட்டிருக்கட்டும்.

வாசலிலிருந்து டெல்பர்ட் சொன்ன ஆமென்தான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்டது. லைல் வலது கையை மடியில் வைத்து, இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.