இருக்கைக்குப் பின்னால் எழுதிய கிலோமீற்றர்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எழுதுவது என் வேலை அல்ல. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். சுன்னாகத்தில் தெருவோரமாக ஒரு சின்னக் கடையில் வாகனங்களுக்குக் குஷன் அடிக்கிறேன். இருக்கைக்கு உறை தைப்பது, மேலே மூடுகிற ஹூட் துணி மாற்றுவது, இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குச் சொல்லவேண்டியதில் பாதியைக்கூட நான் சொல்லவில்லை. மிச்சம் இன்னும் தொண்டையில் நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கையின் கணவர், என் மச்சான், வான் ஓட்டுகிறார். அந்த வான் தங்கையின் நகைகளை விற்று வாங்கியது, அவளுடைய பெயரில்தான் இருக்கிறது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிறவர்கள், சனி ஞாயிறில் கல்யாணக்காரர். அந்த வீட்டில் நாலு பேர் சாப்பிடுவது அந்த வானால்தான்.

இப்போது கல்யாணங்களுக்கு வான் போதாது என்கிறார்கள். ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மேல் திறக்கிற கார் வேண்டும். மாப்பிள்ளை அதில் எழுந்து நின்று கொண்டு வரவேண்டும், மேலே ட்ரோன் கமரா பறக்கவேண்டும். மச்சான் இரண்டு வருடமாக மற்றவர்களின் திறந்த காருக்குப் பின்னால் சொந்தபந்தங்களை ஏற்றிக்கொண்டு போய், மனம் நொந்து போயிருந்தார். வானைக் கொடுத்து, அதற்கு மேலே காசும் போட்டு, பழைய ஜேர்மன் கார் ஒன்றை எடுக்கலாம் என்று ஒரு நாள் வந்து சொன்னார்.

இரண்டு கார் அவருடைய கண்ணில் பட்டிருந்தன. ஒன்று கொழும்பில். ஒன்றேகால் இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓடியது, ஒப்ஷன், வசதி என்று சொல்ல ஒன்றுமில்லை, உடையவரே விளம்பரத்தில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். மற்றது யாழ்ப்பாணத்திலேயே, அதையும் போன் விளம்பரத்தில்தான் கண்டார். நாற்பத்தாறாயிரம்தான் ஓடியதாம், ஃபுல் ஒப்ஷனாம், கொம்பனித் தோல் இருக்கைகளாம். மச்சான் இரண்டையும் ஒரு கொப்பியில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்தார். இரண்டாவதன் பக்கம் நிரம்பி வழிந்தது. கொழும்புக்காரருக்கு அவர் ஒரு ரெலிபோன் கோல்கூட எடுக்கவில்லை. உள்ளதைச் சொன்ன மனுசனுக்குக் கிடைத்த மரியாதை அது. இன்றைக்கும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்கப் போவதற்கு முன், தங்கை என்னை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டாள்.

"அண்ணை, இவர் காரைக் காணமுதலே காரிலை ஏறீட்டார். நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் ஓம் எண்டால் வானை எழுதிக் குடுக்கிறன். இல்லையெண்டால் இல்லை."

"எனக்கு எஞ்சின் தெரியாது பிள்ளை."

"எஞ்சினை நான் கேக்கேல்லை. பொய்யோ மெய்யோ எண்டு சொன்னால் காணும்."

விற்கிறவர் அறுபது வயது மதிக்கத்தக்கவர். பெரிய வீடு, முற்றம் முழுக்கக் கல் பதித்து, நடுவில் அந்தக் கார். கறுப்புத் துணி ஹூட், இரண்டு கதவு, மண்ணிறத் தோல் இருக்கைகள். அழகான கார்தான், அதை நான் மறுக்கவில்லை.

"தம்பி, இது கொழும்பிலை ஒரு டொக்டர் அம்மா ஓடினது," என்று அவர் தொடங்கினார். "வீட்டிலையிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலையிருந்து வீடு. அவ்வளவுதான். மீற்றரைப் பாரும். சீற்றைப் பாரும், கொம்பனியிலை போட்ட தோல், ஒரு ஊசி படேல்லை."

மச்சான் மீற்றரைப் பார்த்தார், பிறகு அதை மறந்துவிட்டார். ஏனென்றால் பட்டன்கள் இருந்தன. ஹூட் தானாக மடிந்து பின்னுக்குப் போனது. கதவு ஓரத்தில் நீலமும் ஊதாவுமாக வெளிச்சம் எரிந்தது. கழுத்துக்குப் பின்னால் சூடான காற்று ஊதியது. இருக்கை ஓட்டுகிறவரின் அளவை ஞாபகம் வைத்து முன்னுக்கும் பின்னுக்கும் போனது.

"மச்சான், இஞ்சை வந்து பாரும்! சீற் சுடுது!" என்று தங்கையின் கணவர் என்னைக் கூப்பிட்டார்.

பகல் பதினொரு மணி. தங்கை சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். "வெளியிலை நிண்டாலே முதுகு பொரியுது. அதுக்கு ஒரு பட்டனோ?"

"அம்மா, அது குளிர் நாட்டு வசதி," என்றார் விற்கிறவர். "நீங்கள் போடவேணும் எண்டில்லை. இருக்குது எண்டு சொல்லலாம் தானே."

இதைக் கேட்டு மச்சான் தலையாட்டினார். வேர்த்து ஒழுகிக்கொண்டே தலையாட்டினார். அந்தச் சூட்டுக்கும் பேர் வசதி, அதற்கும் ஒரு விலை. எனக்கு ஆத்திரம் அப்போதே தொடங்கிவிட்டது.

நான் என் பாட்டில் காரைச் சுற்றிப் பார்த்தேன். பிறேக் மிதிக்கிற றப்பர் புத்தம் புதிது. நாற்பத்தாறாயிரத்துக்கு எதற்கு அதை மாற்றினார்கள்? சீற் பெல்ற்றின் விளிம்பு பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தது. ஹூட் மடிகிற கோட்டில் விரலை வைத்துத் தேய்த்தேன், விரலில் கறுப்புச் சாயம் ஒட்டியது. துணி மடிந்து மடிந்து வெளுத்த இடத்தில் யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள். டொக்டர் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் எத்தனை தரம் ஹூட்டைத் திறந்து மூடினாவோ தெரியாது.

"உவர் கார் பாக்க வரேல்லை, கதிரை பாக்க வந்தவர்," என்று இருக்கை தைக்கிற என்னைக் காட்டி மச்சான் விற்கிறவருக்குச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். நான் விரலை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தேன்.

பின்னுக்கு ஏறி இருந்து பார்க்கத் தங்கை ஆசைப்பட்டாள். இரண்டு கதவுக் காரில் பின்னுக்குப் போவதென்றால் முன் இருக்கையை மடக்கவேண்டும். மச்சான் ஓட்டுகிறவர் பக்க இருக்கையை மடக்கினார். அதன் முதுகுப் பக்கத்தின் அடியில், தையல் முடிகிற இடம் என் கண்ணுக்கு நேரே வந்தது.

குஷன் அடிக்கிறவர்கள் பெரும்பாலும் நைலோன் நூலின் நுனியை லைட்டரால் சுட்டு முடிப்பார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. தொழில் பழகிய காலத்தில் ஒருவருடைய இருக்கையைச் சுட்டுப் பொத்தலாக்கி ஏச்சு வாங்கியவன். அதிலிருந்து மூன்று தையல் பின்னுக்கு எடுத்து, நுனியை ஊசியால் உள்ளே செருகிவிடுவேன். அந்த இருக்கையில் மூன்று தையல் பின்னுக்கு வந்திருந்தது. நுனி உள்ளே இருந்தது.

அது என்னுடைய கை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கராஜ்காரர் ஓட்டோவில் ஒற்றை இருக்கையைப் பழைய படுக்கை விரிப்பால் சுற்றிக்கொண்டு வந்தார். கதவுப் பக்க விளிம்பு தேய்ந்து, கிழிந்து, உள்ளே இருந்த பஞ்சு வெளியே தெரிந்தது. காரை நான் காணவில்லை. "தைச்சது எண்டு ஒருத்தருக்கும் விளங்கக்கூடாது அண்ணை," என்றார். நான் அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டேன். அதே நிறத்தில் தோல் தேடி எடுத்து, பழைய ஊசித் துளைகளிலேயே தைத்து, நாலு நாள் மினக்கெட்டேன். முடித்தபின் என் மனுசியைக் கூப்பிட்டு, எது புதுத் தோல் என்று கண்டுபிடி பார்ப்போம் என்று பெருமை பேசினேன்.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. மூன்று வருடம் ஓடிய வானைக் கொண்டு வந்து, போன மாதம் தைத்தது கிழிந்துவிட்டது என்று சண்டை பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்காக முதுகுப் பக்க மடிப்பின் உட்புறத்தில் மாதத்தையும் மீற்றரில் உள்ள எண்ணையும் மார்க்கர் பேனையால் எழுதிவிடுவேன். அன்றைக்கும் கராஜ்காரரைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு எண்ணைச் சொன்னார். நான் எழுதினேன்.

நான் அப்போதே கத்தியிருக்கவேண்டும். கத்தவில்லை. விற்கிறவர் எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். தேத்தண்ணி வந்தது, கடதாசிகள் வந்தன. மச்சான் சாவிக்கொத்தோடு வான் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார். தங்கை பேனையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து வெளியே போனேன். காரின் கதவைத் திறந்து, இருக்கையை மடக்கி, கல்லில் முழங்காலைக் குத்தி, மடிப்பின் கொளுக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். விற்கிறவர் ஓடி வந்தார்.

"ஐசே, என்ன செய்யிறீர்? தோல் கிழியப்போகுது!"

"கிழியாது," என்றேன். அது கிழியாது என்று உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. "பிள்ளை, இஞ்சை வா. இதை வாசி."

தங்கை குனிந்து பார்த்தாள். "இது உங்கடை கையெழுத்தல்லோ!" என்றாள். பிறகு சத்தமாக வாசித்தாள். "ஒரு இலட்சத்து முப்பத்தேழாயிரம்."

விற்கிறவரும் குனிந்து எட்டிப் பார்த்தார். "அது வேறை காரின்ரை சீற்றாய் இருக்கும் அம்மா. பழுதாப்போனால் மாத்திறது தானே."

"இப்பதானே ஐயா ஒரு ஊசி படேல்லை எண்டனியள்?" என்று தங்கை கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? எனக்குத் தந்தவை சொன்னதை நான் சொன்னன்."

"அப்ப டொக்டர் அம்மா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப நீர்தானே காணும் தைச்சுக் குடுத்தனீர்? பழசைப் புதுசாக் காட்டினது நீர். கூலியும் வாங்கினனீர். இப்ப வந்து என்னைக் கள்ளன் ஆக்கிறீரோ?"

அந்தக் கேள்வியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. மீற்றரைத் திருப்பியது யார் என்று எனக்குத் தெரியாது. நான் திருப்பவில்லை. கிழிந்த இருக்கையைத் தைப்பது என் தொழில், அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் விளங்கக்கூடாது என்று ஒருவர் சொன்னால், யாருக்கு விளங்கக்கூடாது, ஏன் விளங்கக்கூடாது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லையே. என் கை நேர்த்தியை வைத்து என் சொந்தத் தங்கையின் வாய்ச் சோற்றைப் பறிக்க இருந்தார்கள். அதைச் செய்ய இருந்தவர் என்னைப் பார்த்தே விரல் நீட்டுகிறார். இவ்வளவும் அவருக்குச் சொல்லவேண்டும் என்று இருந்தது. சொன்னது இவ்வளவுதான்:

"ஓம். நான்தான் தைச்சனான். அதாலைதான் எனக்குத் தெரியும்."

தங்கை உள்ளே போய், மேசையில் இருந்த வான் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். தேத்தண்ணியை ஒருவரும் குடிக்கவில்லை.

எங்கள் வானில் திரும்பி வரும் வழியில் மச்சானுக்கு வந்த கோபம் விற்கிறவர் மேல் இல்லை, என் மேல்.

"சீற்றை மடக்கேக்கையே தெரிஞ்சதெண்டால் ஏன் காணும் பேசாமல் நிண்டனீர்? நான் அந்தாளுக்கு முன்னாலை மடையன் மாதிரி வான் திறப்பை எடுத்து மேசையிலை வைக்கிறன்!"

"நீங்கள் கதிரை பாக்க வந்தவர் எண்டு சிரிக்கேக்கை அண்ணை என்னத்தைச் சொல்லுறது?" என்றாள் தங்கை பின்னால் இருந்து. "கதிரை பாத்தபடியால்தான் இப்ப வானிலை போறம்."

மச்சான் சொன்னதிலும் பிழை இல்லை. அந்த ஆள் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரமோ, அவ்வளவு என் மேலும் இருந்தது. தங்கையின் கையில் பேனை ஏறும்வரை நான் எதற்குக் காத்திருந்தேன்?

அடுத்த நாள் காலை மச்சான் வழக்கம்போலப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார். பின்னேரம் அந்தக் காரின் விளம்பரம் திரும்பவும் போனில் வந்தது. நாற்பத்தாறாயிரம் அப்படியே இருந்தது. ஃபுல் ஒப்ஷனும் இருந்தது. கொம்பனித் தோல் என்ற வரியை மட்டும் எடுத்திருந்தார்கள்.