டிபன் பாக்ஸ் தண்ணீருக்கு வந்த கெளுத்திகள்

எங்கள் பம்ப் ஹவுஸில் தண்ணீர் வராத குழாய் ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே "இங்கே பாத்திரம் கழுவக் கூடாது" என்று ஒரு போர்டு. வராத குழாய்க்கு எதற்குப் போர்டு என்று ஷிப்டுக்குப் புதிதாக வரும் ஆபரேட்டர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது.

1. கேட்டுக்குக் கீழே

டைவர் பிரகாசம் அண்ணன் தண்ணீருக்குள் இறங்கிய வேகத்திலேயே மேலே வந்தார். ஏணிப் படியைப் பிடித்துக்கொண்டு, காற்றுக் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வலது கையை எங்களிடம் நீட்டினார். கையுறையைத் துளைத்து உள்ளங்கையில் ஒரு முள் நின்றது. கெளுத்தியின் முள். ஓரமெல்லாம் ரம்பப் பல் இருக்கும். எளிதாக உள்ளே போகும், வெளியே வராது.

"கேட்டுக்குக் கீய கூட்டமா குந்திகினு கீது தாமு. கைய வுட்டேன், வெச்சு செஞ்சிருச்சு," என்றார்.

தாமு என்பது நான். தாமோதரன், பம்ப் ஆபரேட்டர். எண்ணூர்க் கழிமுகத்துக்குக் கொஞ்சம் மேலே, கொசஸ்தலை ஆற்றங்கரையில் எங்கள் பம்ப் ஹவுஸ். ஆற்றுத் தண்ணீர் ஸ்லூஸ் கேட் என்கிற மதகுக் கதவு வழியாக சம்ப் எனும் பெரிய தொட்டிக்குள் வரும். அங்கிருந்து பம்ப் இழுத்துத் தொழிற்சாலையின் குளிரூட்டும் வேலைக்கு அனுப்பும். அந்த ஐப்பசியில் கேட் பாதியில் சிக்கிக்கொண்டது. செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியைப் போட்டு ஏற்றி இறக்கிப் பார்த்தும் அசையவில்லை. மழை வலுத்துக்கொண்டிருந்தது. மேலே ஏரியைத் திறந்துவிட்டால் வெள்ளம் திறந்த கேட் வழியாக நேராக மோட்டார்கள் இருக்கும் குழிக்குள் வரும். அதற்குள் டைவர் இறங்கி, கேட் ஓடும் பள்ளத்தில் என்ன அடைத்திருக்கிறது என்று கையால் தடவி எடுக்க வேண்டும். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலை கிடையாது. கைதான் கண். அந்தக் கை போக வேண்டிய இடத்தில்தான் கெளுத்திகள் குடியிருந்தன.

ஃபிட்டர் செல்வம் கட்டிங் பிளேயரால் முள்ளைப் பிடுங்கினான். நான் கேன்டீனிலிருந்து, தாங்கக்கூடிய அளவு சூட்டில் வெந்நீர் கொண்டுவந்தேன். கெளுத்திக் கடுப்புக்கு முதல் மருந்து அதுதான். கையை அதில் அமிழ்த்திக்கொண்டு பிரகாசம் அண்ணன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ராயபுரத்துக்காரர். ஹார்பரில் கப்பலுக்கு அடியில் வேலை பார்த்தவர். அவர் முனகி அன்றுதான் கேட்டேன்.

பிளான்ட் இன்ஜினியர் வந்தார். "ப்ளீச்சிங் பவுடர் ரெண்டு மூட்டை போட்டா எல்லாம் மேல வந்துடாதா?"

"நானும்தானே சார் அதுல எறங்கணும்," என்றார் பிரகாசம் அண்ணன்.

கேட் திறந்திருப்பதால் மருந்து ஆற்றுக்குப் போய்விடும், சம்பில் நிற்காது என்று நானும் சொன்னேன். வலை வீசினால், குப்பை வராமல் வைத்திருக்கும் கம்பித் தடுப்பில் சிக்கி, அதை எடுக்க இன்னொரு தரம் டைவர் வேண்டும். வேறு டைவருக்குச் சொல்லி அனுப்பியதில் யாரும் அந்த வாரம் கிடைக்கவில்லை. கடைசியில் பிரகாசம் அண்ணனே பேச்சை முடித்துவைத்தார்.

"நாளைக்கு சாயங்காலம் எறங்குறேன். அதுக்குள்ள மீன எடுத்துட்டா புண்ணியம். எடுக்கலன்னாலும் எறங்கித்தான் ஆவணும். இன்னொரு கை கீதுல்ல?"

இருட்டில், காற்றுக் குழாயின் மறுமுனையில், இரண்டாவது கையிலும் குத்து வாங்கினால் ஏணியை எதனால் பிடிப்பார்? 

2. மூன்று பேர், மூன்று இரை

மறுநாள் காலை மூன்று பேரும் மூன்று இரையோடு வந்தோம். யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் கேன்டீன் வாழை மரத்தடியில் மண்புழு தோண்டியிருந்தேன். கெளுத்தி தரையோடு மேய்கிற மீன். மீசையால் தடவித்தான் தின்னும். நெளிகிற புழுவை அது விடாது என்பது என் கணக்கு.

செல்வம் புளியந்தோப்புக்காரன். மாட்டு ஈரலை முதல் நாளே வாங்கி வெயிலில் வைத்திருந்தான். பொட்டலத்தைப் பிரித்ததும் பம்ப் ஹவுஸே மூக்கைப் பொத்தியது.

"இன்னாடா இது, ஒரே கலீஜா கீது," என்றார் பிரகாசம் அண்ணன். வீட்டில் இருக்கச் சொல்லியும் கட்டுப் போட்ட கையோடு வந்திருந்தார். மற்ற கையில் காசிமேட்டிலிருந்து ஒரு பை: மத்தித் துண்டும் இறால் தலையும்.

"நாத்தம் ஒனக்குத்தாண்ணே. அதுக்கு அது பிரியாணி," என்றான் செல்வம். "ஒன் எறாத் தலைய அது ஆத்துலயே துன்னுகினு கீது. புச்சா எதுனா குடுத்தாத்தானே வரும்?"

"நான் பொறந்ததே வலைக்குள்ள. நீ எனக்கு மீனு சொல்லித் தர்றியா நைனா?"

மூன்று கைத்தூண்டில். ஈயக் குண்டு தரையைத் தொட்டதும் நூலை ஒரு சாண் தளர்த்தினோம். முதலில் ஈரலுக்கு ஒன்று மாட்டியது. செல்வம் எங்களைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. மேலே வந்த மீன் கர் கர் என்று கத்திக்கொண்டு துள்ளியது. தடித்த தோல் கையுறையோடு பிடித்து, முள்ளை மடக்கி, டிரம்மில் போட்டோம். அதன் பிறகு வெகுநேரம் எந்த நூலும் அசையவில்லை. பிறகு புழுவுக்கு ஒன்று. மறுபடி அமைதி. பிறகு இறாலுக்கு ஒன்று.

இரையில் குறை இல்லை என்று அப்போது புரிந்தது. ஒன்று மாட்டி அடித்துக்கொண்டால் மற்றவை கேட்டுக்கு அடியில் ஒதுங்கிவிடுகின்றன. இப்படி ஒவ்வொன்றாக எடுத்தால் வெள்ளம் வந்து போன பிறகும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பிரகாசம் அண்ணன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். விரல்கள் இன்னும் வீங்கியிருந்தன.

"சரி, துன்னுட்டுப் பாப்போம்," என்றார்.

3. மூடியின் சத்தம்

சாப்பிட்டு முடித்து, செல்வம் வழக்கம்போல் சுவர்க் குழாயில் டப்பாவைக் கழுவினான். அந்தக் குழாயின் தண்ணீர் சிமென்ட் சரிவில் ஓடி நேராக சம்பில் விழும். பகல் ஷிப்டில் எல்லோரும் அங்கேதான் கழுவுவோம். ஒட்டிய பருக்கை உதிர, மூடியைத் திண்டில் இரண்டு தட்டுத் தட்டுவதும் வழக்கம். செல்வம் தட்டினான்.

தண்ணீர் கொதிப்பது போல் புரண்டது. மீசைகள், வாய்கள், கறுத்த முதுகுகள். வீட்டுக் குழம்பின் எண்ணெய் பரவிய இடமெல்லாம் கெளுத்தி. மதியத்தில் அங்கே தண்ணீர் சலசலப்பதைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறோம். சரிவில் விழும் தண்ணீரின் சலசலப்பு என்றே நினைத்திருந்தோம்.

"டேய்," என்றார் பிரகாசம் அண்ணன் மெதுவாக. "எல்லாத்தையும் நீங்களே வளத்து வுட்டு, என் கைய குத்த வெச்சிருக்கீங்களேடா."

செல்வம் அவசரமாக ஈரல் தூண்டிலை நடுவில் விட்டான். ஒன்று மாட்டியது. அது துள்ளியதும் மற்றவை மறைந்தன. இரை கிடைத்துவிட்டது. இனி வேண்டியது தூண்டில் முள் இல்லாத முறை.

வெல்டிங் ஷெட்டில் இரும்புக் கம்பியை வளைத்து ஆள் அகலத்துக்கு ஒரு வளையம் செய்தோம். பிரகாசம் அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லச் சொல்ல, பழைய வலையை அதில் தொங்கலாகத் தைத்தேன். நான்கு கயிறு கட்டி, கேட்டிலிருந்து கழற்றிய செயின் பிளாக்கை மேல் உத்தரத்தில் மாட்டி, சரிவுக்கு நேர் கீழே, தரையில் படும் அளவுக்கு இறக்கினோம். நண்டு பிடிக்கிற முறைதான், அளவு பெரிது.

அடுத்த சிக்கல், எங்கள் டப்பாக்கள் காலி. நான் மற்ற செக்‌ஷன்களுக்கு ஓடினேன். மிச்சம் வைத்தவர்கள் டப்பாவோடு வந்து வரிசையில் நின்றார்கள். "வூட்ல கேட்டா இன்னா சொல்றது?" என்று ஒருவர் கேட்க, "விருந்தாளி துன்ட்டாங்கன்னு சொல்லு," என்றான் செல்வம்.

ஒருவர் கழுவ வேண்டும், இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், மீன் கூடும் வரை மூச்சு விடாமல் நிற்க வேண்டும், பிறகு நான் சங்கிலியை நிறுத்தாமல், சீராக இழுக்க வேண்டும். முதல் இழுப்பிலேயே வளையம் கனத்து வந்தது. குத்துப்பட்டுக் கத்துகிற மீன் இல்லாததால் மற்றவை பயப்படவில்லை. அடுத்த டப்பாவுக்கு மறுபடி வந்தன. பிடித்ததையெல்லாம் டிரம்மில் சுமந்து, கேட்டைத் தாண்டி வெகுதூரம் போய், கழிமுகப் பக்கம் ஆற்றில் விட்டோம். அவற்றைக் குழம்பு வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

கடைசியாக இன்ஜினியர் தன் டப்பாவோடு வந்தார். தயிர்சாதம். "இது சாப்பிடுமா?" என்று என்னிடம் கேட்டார். அவரே கழுவி, அவரே தட்டினார். ஒரே ஒரு மீசை மேலே வந்தது. இழுத்தபோது வலையில் அந்த ஒன்றுதான் இருந்தது.

"அய்யிரு மீனு சார் அது. ஒங்களுக்காவவே காத்துகினு இருந்துச்சு," என்றான் செல்வம். இன்ஜினியர் அன்று சிரித்ததை நாங்கள் வெகுநாள் பேசிக்கொண்டிருந்தோம்.

இன்னொரு டப்பாவும் கழுவிப் பார்த்தோம். தண்ணீர் அசையவில்லை.

பம்புகளை நிறுத்தினோம். பிரகாசம் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு, இடது கையை முன்னே நீட்டி இறங்கினார். காற்றுக் குழாய் செல்வத்தின் கையில், சிக்னல் கயிறு என் கையில். குமிழிகள் கேட்டுக்கு நேராக நின்றன. கயிறு ஒரு முறை இழுபட்டது. நலம் என்று பொருள். வெகுநேரம் கழித்து மறுபடி ஒரு முறை. அவர் மேலே வந்தபோது கையிடுக்கில், கேட்டை அடைத்திருந்த பனைமட்டைத் துண்டு இருந்தது. விரல்களை விரித்து எங்களிடம் காட்டினார். புதிய காயம் எதுவும் இல்லை. செயின் பிளாக்கை மறுபடி மாட்டி இறக்கினோம். கேட் தரையில் உட்கார்ந்த சத்தம் காலுக்குக் கீழே கேட்டது. ஏரி திறந்த செய்தி வந்தபோது நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

குழாயை அடைத்தோம், போர்டு மாட்டினோம். செல்வம் இப்போது வேறு ஊரில் இருக்கிறான். மூடியைத் தட்டும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. வீட்டில் தட்டினால் என் மனைவி, "ஒண்ணும் வராது, வெச்சிட்டுப் போங்க," என்கிறாள்.

எந்த இரை சிறந்தது என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். எதைப் போடலாம் என்று யோசிக்கும் முன், அங்கே தினமும் எது விழுகிறது என்று பாருங்கள். பிரகாசம் அண்ணன் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லுவார். அதற்குப் பிறகு எந்த இடத்தில் வேலைக்குப் போனாலும், தண்ணீரின் ஆழத்தைக் கேட்பதற்கு முன்பே அவர் கேட்டது ஒன்றுதான்.

"இங்க துன்னுட்டு எங்கப்பா டப்பா கயுவுறீங்க?"