தாளில் மேலே இருப்பது வடக்கு

இன்ஸ்டால் அண்ணன் என்றால்தான் எங்கள் அலுவலகத்தில் தெரியும். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், ஏழு பேர் உட்கார்ந்து கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற இடம் எங்களுடையது. அவரும் வரைபடம் போடத்தான் வந்தார். ஒருநாள் இரக்கப்பட்டு யாருடைய பிரிண்டரையோ ஓட வைத்தார். அன்றோடு அவர் பென்சில் பறிபோனது. பதினெட்டு வருடமாக யார் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் அந்த மேஜைக்கு அடியில் அவர் கால்கள்தான் நீட்டிக்கொண்டிருக்கும். வருகைப் பதிவேட்டில் அவர் இன்னும் 'உதவியாளர்'.

பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பாலர் வகுப்பறை கட்டும் வேலை வந்தது. ரோட்டைப் பார்த்துத் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிச் சுவர் என்று எங்கள் முதலாளி சார் வரைந்துவிட்டார். கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கட்டடமே வராது. அறை சூடாகாது என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள் என்றது பள்ளி நிர்வாகம். அந்த வகுப்புக்கு டீச்சர் இன்ஸ்டால் அண்ணனின் மனைவி. நாற்பது குழந்தைகளோடு அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நாள் முழுக்க நிற்கப்போவது அண்ணிதான்.

"நம்ம டிசைன் சாஃப்ட்வேர்லயே வெயில், வெக்கை எல்லாம் ஓட்டிப் பாக்க, கூடச் சேத்துக்கிற பிளகின் இருக்காமே. வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுடுப்பா" என்றார் சார், ஏதோ மின்விசிறி மாட்டச் சொல்வதுபோல.

அண்ணன் சாரின் கம்ப்யூட்டரில் மூன்று நாள் அதோடு மல்லுக்கு நின்றார். சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு ஆகாது, பழையதுதான் வேண்டும் என்றது பிளகின். பழையதைப் போட்டால், கணக்குப் போடும் எஞ்சின் தனி, அதையும் இறக்கு என்றது. இறக்கியதை எல்லாம் கம்ப்யூட்டர் சந்தேகப்பட்டுப் பூட்டி வைத்தது. ஒவ்வொரு ஃபைலாகப் போய் டிக் அடித்து விடுவித்தார். அப்புறமும் ஓடவில்லை. சார் தன் கம்ப்யூட்டரில் பயனர் பெயராகத் தன் பெயரையும் மூன்று பட்டங்களையும் இடம் விட்டு இடம் விட்டு எழுதி வைத்திருந்தார். பெயரில் இடைவெளி இருந்தால் எஞ்சின் அசையாது.

"பட்டத்தை மட்டும் எடுத்துட்டா ஓடிடும் சார்."

"ராத்திரி பகல் பாக்காம படிச்சு வாங்கினதுப்பா. ஒரு ஓசி பிளகினுக்காக எடுக்கச் சொல்றியா?"

கடைசியில் அண்ணனின் பழைய கம்ப்யூட்டரிலேயே போட்டார்கள். பட்டம் எதுவும் இல்லாத மனிதர் என்பதால் உடனே ஓடியது.

சூடென்றால் சிவப்பு, குளிர்ச்சியென்றால் நீலம். புதன்கிழமை வந்த படத்தில் அறை முழுக்க நீலம். சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தச் சூட்டோடு அண்ணனுக்கு விசிட்டிங் கார்டு அடிக்கச் சொன்னார்: 'தலைவர், சுற்றுச்சூழல் ஆய்வுப் பிரிவு'. பிரிவில் ஆள் அவர் ஒருவர்தான். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. டயர் கடைக்காரருக்குக்கூட ஒரு கார்டு கொடுத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மெதுவாக என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இதைப் பாரு. மனையை அளக்கப் போனப்ப, சாயங்காலம் ரோட்டுப் பக்கமிருந்துதான் வெயில் கண்ணைக் குத்துச்சு. இதுல சூரியன் பக்கவாட்டுச் சுவர்ல இறங்குது."

எங்கள் சார் எதை வரைந்தாலும் வாசல் தாளின் கீழே வரும்படிதான் வரைவார். மனை எந்தத் திசை பார்த்தாலும் சரி, பார்க்க லட்சணமாக இருக்கவேண்டும். பிளகினோ, வேறு எதுவும் சொல்லாவிட்டால் தாளின் மேல்பக்கத்தை வடக்கு என்று எடுத்துக்கொள்ளும்; கீழே இருக்கும் எங்கள் கண்ணாடி தெற்குப் பார்த்ததாகிவிடும். சொல்வதற்கு ஒரு கட்டமும் உண்டு. அதை நிரப்ப ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு வடக்கு என்பது படத்தின் மூலையில் அழகுக்காக ஒட்டும் அம்புக்குறி.

அண்ணன் வடக்கைத் திருப்பி மறுபடி ஓட்டினார். கண்ணாடி மேற்குப் பார்த்தது. அறை சிவந்துபோய் நின்றது.

இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு சாரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"எது மொதல்ல வந்துச்சு?" என்றார் சார்.

"நீலம் சார்."

"அப்ப அதான் ரிசல்ட். நீங்கதான் பிரிவுத் தலைவர், நீங்களே கையெழுத்துப் போட்டுடுங்க."

பதினெட்டு வருடத்தில் சார் அவரை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. அண்ணன் போட்டுவிட்டார். எனக்கும் ஒரு வாய் இருந்தது; நானும் அதைத் திறக்கவில்லை.

கட்டடம் எழும்பித் திறப்பு விழாவும் முடிந்தது. முதல் கோடையில் அங்கே ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை என்று பார்க்கப் போனேன். மதியம் இரண்டரை மணி. பெஞ்சுகளை எல்லாம் பின்சுவரோடு தள்ளி, குழந்தைகளை அங்கே நெருக்கி உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பெண் குழந்தை மயங்கி விழுந்து, தரையில் படுத்திருந்தது. அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்து, ஸ்டூலில் ஏறிக் கண்ணாடியில் பழுப்புத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உங்க மெஷின் இதைச் சொல்லவே இல்லையா?" என்று அண்ணி கீழிருந்து கேட்டார்.

"நீலமாத்தான் வந்துச்சு" என்றார் அண்ணன், திரும்பாமல்.

அண்ணி என்னைப் பார்த்தார். "நீதானம்மா பக்கத்துல இருந்தே. நெசமாவா?"

பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

"ஆமா அண்ணி. நீலமாத்தான் வந்துச்சு."

அவர் நம்பிவிட்டார். ஈரத்துணியோடு அந்தக் குழந்தையிடம் போய் உட்கார்ந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த தாளை எடுத்து அண்ணனிடம் நீட்டினேன்.